யானை என்று கூப்பிட்ட கோட்டை

சதுரங்கப் பலகையின் நான்கு மூலையிலும் நிற்கும் காயை நம்ம ஊரில் யானை என்போம். அதைக் கையில் எடுத்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். துதிக்கை கிடையாது, தந்தம் கிடையாது, காதும் கிடையாது. உச்சியில் பல் பல்லாக வெட்டிய ஒரு கோட்டைக் கொத்தளம்தான் இருக்கும். இருந்தாலும் மாங்காட்டிலோ குன்றத்தூரிலோ பூந்தமல்லியிலோ திண்ணையில் போர்டை விரித்த எந்தத் தாத்தாவும், "இது யானைடா, நேராப் போகும், நேரா வரும், குறுக்கால போகாது" என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார். "யானை எங்க தாத்தா இருக்கு?" என்று பேரன்களும் கேட்டதில்லை. பெயர் சொன்னால் போதும், உருவத்தைப் பிள்ளையின் மனசு போட்டுக்கொள்ளும்.

அந்த உருவத்தை மனசுக்கு விடாமல் நாமே வரைந்து, நடக்கவும் வைத்தால் என்ன? 1988-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இன்டர்ப்ளே என்ற கம்பெனி இதைத்தான் செய்தது. ப்ரையன் ஃபார்கோ தொடங்கிய கம்பெனி அது. அவர்கள் கொமோடோர் அமிகா கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட விளையாட்டின் பெயர் பேட்டில் செஸ். பிறகு டாஸ், ஆப்பிள், நின்டென்டோ என்று ஏகப்பட்ட மெஷின்களுக்கு அது போனது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய கம்ப்யூட்டர் பைத்தியங்களிடம் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். "அந்தக் கல்லு பூதம் ராணிய முழுங்குமே!" என்பார்கள்.

ஆமாம், முழுங்கும். அதிலிருந்தே தொடங்குவோம்.

1. நடந்து போய் வெட்டுவது

பேட்டில் செஸ்ஸின் விதிகள் அப்படியே சாதா செஸ். எதுவும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. மாறியது ஒன்றுதான்: காய்கள் நகர்வதில்லை, நடக்கின்றன. சிப்பாய் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். ராணி இடுப்பை ஆட்டியபடி வருவாள். பிஷப் நீளக் கோலோடு வருவார். மூலையில் இருக்கும் கோட்டை இருக்கிறதே, அதை நகர்த்தச் சொன்னால் கல் கல்லாகக் குலுங்கி எழுந்து ஒரு பாறை பூதமாக மாறும். அதுபாட்டுக்குத் தடதடவென்று நடந்து போய், சேர வேண்டிய கட்டத்தில் மறுபடி கோட்டையாக உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு காய் இன்னொன்றை வெட்டும்போது சண்டை நடக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிச் சண்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காய் ஆறு வகை. ஆறும் ஆறும் மோதினால் 36. ராஜாவும் ராஜாவும் மோத முடியாது, அதைக் கழித்தால் 35. அத்தனைக்கும் ஆள் உட்கார்ந்து கட்டம் கட்டமாக வரைய வேண்டும். குதிரை வீரனும் குதிரை வீரனும் மோதினால் கை ஒன்று போகும், கால் ஒன்று போகும், இருந்தும் விடாமல் சண்டை போடுவான். மான்டி பைத்தான் குழுவின் 1975 படத்தில் வரும் கறுப்பு வீரன் காட்சிக்கு அடித்த சலாம் அது. கோட்டை ராணியை வெட்டினால் பூதம் அவளைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும்.

இதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1983-ல், ஆர்கான் என்று ஒரு விளையாட்டு வந்திருந்தது. பார்ப்பதற்கு அதுவும் சதுரங்கம் மாதிரிதான். ஆனால் அதில் ஒரே கட்டத்தில் இரண்டு காய்கள் சந்தித்தால் நிஜமாகவே சண்டை நடக்கும். ஆடுகிறவர் கை வேகமாக இருந்தால் பொடிக் காய்கூடப் பெரிய காயைச் சாய்த்துவிடலாம். அதாவது முடிவு முன்கூட்டித் தெரியாது.

பேட்டில் செஸ்ஸில் முடிவு தெரியும். சிப்பாய் ராணியை வெட்ட நீங்கள் முடிவு செய்துவிட்டால் ராணி செத்தாள். அவளிடம் மந்திரம் இருந்தாலும், அவள் எப்படித் திமிறினாலும் சிப்பாய்தான் ஜெயிப்பான். சண்டை என்பது வெறும் காட்சி. அதனால்தான் விமர்சகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே குறையைச் சொல்கிறார்கள்: 35 சண்டையையும் பார்த்து முடித்தால் அலுத்துப்போகும், அதற்குப் பிறகு பூதம் பொறுமையாக நடந்து போவதைக் காத்திருந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? விளையாட்டிலேயே அசைவில்லாத தட்டைப் பலகைக்கு மாறிக்கொள்ளும் வசதியும் இருந்தது. பாதிப் பேர் கடைசியில் அதற்குத்தான் மாறினார்கள்.

நியாயமான குறைதான். ஆனால் முடிவு தெரிந்த சண்டையை உட்கார்ந்து பார்ப்பது வீண் வேலை என்று நம்ம பக்கத்து ஆள் ஒருவன் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? அதற்குப் பிறகு வருகிறேன்.

2. காய்களின் உடம்பு

சதுரங்கம் என்றால் சதுரக் கட்டம் போட்ட ஆட்டம் என்று ரொம்பப் பேர் நினைக்கிறோம். சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படைதான் அந்த நான்கு உறுப்பு. ஆக, பெயரிலேயே இது படை. ஏறக்குறைய 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் உருவான ஆட்டம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கிருந்து பாரசீகம் போய் சத்ரங் ஆனது, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது, பிறகு ஐரோப்பாவுக்குப் போனது.

போகிற வழியில் காய்கள் உடம்பை மாற்றிக்கொண்டே போயின. அரபு நாடுகளில் அவை எளிய உருளைகளும் மேடுகளுமாக ஆயின. அப்படி ஆன பிறகு எது யானை எது தேர் என்பது பார்க்கிறவர் கற்பனைக்கு வந்துவிட்டது. பாரசீகத்தில் தேருக்கு ருக் என்று பெயர். அதுதான் ஆங்கிலத்தில் ரூக் ஆகி, கடைசியில் கோட்டை வடிவம் எடுத்தது. யானையாக இருந்த காய் மேற்கு ஐரோப்பாவில் பாதிரியார் ஆனது. ஆனால் ரஷ்யாவில் அதே பாதிரியாரை இன்றைக்கும் யானை என்றுதான் சொல்கிறார்கள், மூலைக் காயைப் படகு என்கிறார்கள். வங்காளத்திலும் மூலைக் காய் படகுதான். தமிழிலும் இந்தியிலும் யானை மூலைக்கு வந்துவிட்டது. ஒரே மரக்கட்டை ஒரு ஊரில் தேர், ஒரு ஊரில் கோட்டை, ஒரு ஊரில் படகு, நம்ம ஊரில் யானை.

ராணியின் கதை இன்னும் சுவாரசியம். அது ஆதியில் மந்திரி. ஒரு கட்டம் குறுக்காக நகரும், அவ்வளவுதான். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம் அது எங்கு வேண்டுமானாலும் பாயும் ராணியாக மாறியது. சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாரி' 1977-ல் வந்தது. 1856-ல் அவத் ராஜ்ஜியத்தை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொள்கிற நேரத்தில், இரண்டு பிரபுக்கள் ஹூக்காவும் கையுமாகச் சதுரங்கம் ஆடிக்கொண்டே இருப்பார்கள். இங்கிலீஷ்காரர்களின் ஆட்டத்தில் மந்திரி இருக்கும் இடத்தில் ராணி இருக்கிறாள் என்பதும், அவர்கள் ஆட்டம் சீக்கிரம் முடியும் என்பதும் அந்தப் படத்தில் பேச்சாக வரும். பலகையில் காய் மாறுவதும் சிம்மாசனத்தில் ஆள் மாறுவதும் ஒரே விஷயம்தான் என்று ராய் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு வட்டப் பலகை வரும். அதன்மேல் ஒளியால் ஆன குட்டிக் குட்டிப் பூதங்கள் உயிரோடு மோதிக்கொள்ளும். ஃபில் டிப்பெட் என்ற கலைஞரும் அவர் கூட்டாளிகளும் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்து உண்டாக்கிய சில வினாடிக் காட்சி. பேட்டில் செஸ்ஸுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

இன்று உலகப் போட்டிகளில் பயன்படும் ஸ்டான்டன் காய்கள் 1849-ல் லண்டனில் விற்பனைக்கு வந்தவை. அந்தக் கால இங்கிலாந்து ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயரில் வந்த வடிவம். அதில் குதிரைக்கு மட்டும்தான் முகம் உண்டு. மற்றதெல்லாம் கிரீடம், குல்லாய், உருண்டை. யார் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிய வேண்டும், ஆடும்போது கண் உறுத்தக் கூடாது என்பதற்கான வடிவம் அது. படை போய் குறியீடு நின்றது. பேட்டில் செஸ் செய்தது, அந்தக் குறியீட்டுக்கு மறுபடி ரத்தமும் சதையும் பூசியது.

3. 1988: மூன்று வழி

1988 சதுரங்கத்துக்கு ஒரு விசேஷமான வருஷம். மூன்று காரியங்கள் ஒரே வருஷத்தில் நடந்தன.

ஒன்று, பேட்டில் செஸ். கம்ப்யூட்டரைக் கூத்துமேடையாக்கிய வழி.

இரண்டு, டீப் தாட். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய இயந்திரம். அந்த வருஷம் லாங் பீச்சில் நடந்த போட்டியில் டென்மார்க்கின் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனைத் தோற்கடித்தது. அதன் வாரிசான டீப் ப்ளூதான் 1997-ல் காஸ்பரோவைச் சாய்த்தது. இது கம்ப்யூட்டரைக் கணக்குப்பிள்ளையாக்கிய வழி. இந்த வழியில் யானைக்கு உடம்பே தேவையில்லை, அது ஒரு எண்.

மூன்று, விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருக்கு முன்னால் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் இருந்தார். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972-ல் தொடங்கிய டால் செஸ் கிளப் இருந்தது. அந்தக் கிளப்பில் மரக்காயைத் தட்டித் தட்டி வேகமாக ஆடிப் பழகிய பையன்தான் ஆனந்த். பூதமும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை.

இந்த மூன்றில் எது மேற்குச் சென்னைக்கு வந்து சேர்ந்தது? இரண்டாவதும் மூன்றாவதும் கைகோத்து வந்தன. ஆனந்துக்குப் பிந்தைய தலைமுறை கம்ப்யூட்டர் ஆய்வையே தாய்ப்பால் மாதிரி குடித்து வளர்ந்தது. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 2018-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்கா வைஷாலியும் அந்தப் பட்டம் பெற, உலகிலேயே முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி அவர்கள். வானகரம் தாண்டினால் வரும் மேல் அயனம்பாக்கத்தில் பள்ளிக்கூடம் படித்த குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. மாங்காட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் பக்கத்து ஊர்ச் செய்தி.

இதில் ஒரு வேடிக்கை. வைஷாலியைச் சதுரங்கத்தில் சேர்த்த காரணத்தை அவர் அப்பா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: பாப்பா டிவியில் கார்ட்டூன் ரொம்பப் பார்க்கிறாள், அதைக் குறைக்கத்தான். அசையும் பொம்மைகளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க, அசையாத பொம்மைகளிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பின்னாலேயே தம்பியும் போனான். இன்டர்ப்ளே கம்பெனிக்காரர்கள் செய்ததற்கு நேர் எதிர்த் திசை. அந்தத் திசைதான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாமா?

4. படுகளம்

சொல்லலாம். ஆனால் ஒரு பலகை ஆட்டத்துக்கு உயிர் கொடுத்து மேடையேற்றுவது 1988-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த யோசனை இல்லை. இந்தத் தொண்டை மண்டலத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியாத சமாச்சாரமும் இல்லை.

காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. அந்தக் கதை முழுக்க எதிலிருந்து கிளம்புகிறது? ஒரு பலகையிலிருந்து. சகுனி உருட்டிய பகடையிலிருந்து. கட்டங்களும் காய்களும் கொண்ட ஓர் ஆட்டத்தில் நாடு போகிறது, தம்பிகள் போகிறார்கள், பெண்டாட்டி போகிறாள். பகடை துகில் கூத்தன்று பலகையில் விழுந்த ஒவ்வொரு எண்ணுக்கும் மேடையில் ஒரு உடம்பு நிற்கும், அழும், கத்தும். கடைசி நாள் படுகளம். ஊர் மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் துரத்துவார், துரியோதனன் வேஷக்காரர் ஓடுவார். கடைசியில் தொடையில் அடி விழும்.

துரியோதனன் சாவான் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். போன வருஷமும் செத்தான், அடுத்த வருஷமும் சாவான். முடிவு தெரிந்த சண்டை. இருந்தும் ராத்திரி பூரா கண் முழித்து ஜனம் பார்க்கிறது. யார் ஜெயிப்பார் என்று பார்க்க அவர்கள் வருவதில்லை. அந்தச் சாவு எப்படி இருக்கும், எவ்வளவு கனம் என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

பேட்டில் செஸ்ஸை இந்தக் கண்ணால் பார்த்தால் அதன் குறையே அதன் குணம். 'சிப்பாயைக் குடுத்துட்டு குதிரைய எடுத்தேன்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் 'குடுத்துட்டு'க்குள் ஒரு ஆள் செத்திருக்கிறான். மரப்பலகை அதை மறைக்கிறது. மறைத்தால்தான் யோசிக்க முடியும் என்பதும் உண்மை. திரையில் அந்தச் சிப்பாய் ஈட்டியோடு நாலடி நடந்து போய் விழும்போது, ஒரு வினாடியாவது நாம் கொடுத்தது என்ன என்று தெரிகிறது. கேலியும் கும்மாளமுமாகத்தான் காட்டினார்கள். ஆனாலும் காட்டினார்கள். நால்வகைப் படை என்ற பழைய பெயருக்கு அது செய்த மரியாதை என்றே நினைக்கிறேன்.

2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது தமிழ்நாடு அரசு செய்ததும் இதைத்தான். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். குதிரைக் காய்க்கு வேட்டி சட்டை போட்டு, கும்பிட வைத்து, தம்பி என்று பெயர் வைத்தார்கள். புதுக்கோட்டையில் அப்போது கலெக்டராக இருந்த கவிதா ராமு, பரதநாட்டியக் கலைஞர். அந்த மாவட்ட நிர்வாகம் ஒரு வீடியோ எடுத்தது. அதில் காய்கள் உயிர்பெற்று கிராமிய ஆட்டமும் செவ்வியல் நடனமும் சண்டைக் கலையுமாக ஆடி ஒன்றையொன்று வீழ்த்தும். நாடு முழுக்கப் பகிரப்பட்டது. பேட்டில் செஸ்ஸை அறியாதவர்களும் அதை ரசித்ததற்குக் காரணம், அதன் இலக்கணம் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான்.

திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத இளவரசியைச் சித்தர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தலபுராணம். சாமியே வேஷம் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்த ஊர் இது.

5. பெயர் போனால்

இப்போது மாங்காடு பக்கம் ஒரு செஸ் வகுப்பு வாசலில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். "ரூக் ஈ ஒன்", "நைட் எஃப் த்ரீ", "பிஷப் பின் ஆயிடுச்சு" என்று எட்டு வயசுப் பிள்ளைகள் பேசுவார்கள். யானை என்ற சொல் அங்கே இல்லை. அதில் தப்பில்லை. போட்டியில் எழுதும் குறிப்பு இங்கிலீஷ், புத்தகம் இங்கிலீஷ், ஆப் இங்கிலீஷ். நாளைக்குப் பிள்ளை வெளிநாடு போய் ஆட வேண்டும். குகேஷ் போன பாதையைப் பார்த்து ஆசைப்படும் அம்மா அப்பாக்கள், ஃபீஸ் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டி மண்டப வாசல்களில் கழிக்கிறார்கள். அவர்களிடம் போய் "யானைன்னு சொல்லிக்குடுங்க" என்று உபதேசம் செய்வது சுலபம்.

ஆனால் போவது என்ன என்று ஒருமுறை எண்ணிவிடலாம். ரூக் என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு எதையும் காட்டாது. அது பாரசீகத்துத் தேர் என்று யாரும் அவனுக்குச் சொல்லப் போவதில்லை. யானை என்ற சொல் காட்டும். கல்பூதத்தை வரைந்த கலிஃபோர்னியாக்காரனுக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ பிடித்த வேலையை, அந்த ஒரு சொல் பைசா செலவில்லாமல் செய்துகொண்டிருந்தது. 35 சண்டை என்ற கணக்கும் அதற்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் மனசிலும் வேறு வேறு யானை வேறு வேறு மாதிரி மிதித்தது.

இதே கதைதான் மற்ற ஆட்டங்களுக்கும். தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபங்களில், குளத்துப் படிக்கட்டுகளில், தரைக் கல்லிலேயே ஆடுபுலி ஆட்டக் கோடுகளும் பல்லாங்குழிக் குழிகளும் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஆடுபுலியில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்கு வெட்டும் பலம், ஆட்டுக்குக் கூடி மறிக்கும் பலம். கூழாங்கல்லும் புளியங்கொட்டையும்தான் காய். அந்தப் புளியங்கொட்டையைப் புலி என்று நம்புவதற்கு யாருக்கும் கிராஃபிக்ஸ் தேவைப்படவில்லை. திருப்பணி என்ற பெயரில் பழைய தரையின் மேல் புதுக் கிரானைட் பதிக்கும்போது, முதலில் கல்லுக்கடியில் போவது அந்தக் கோடுகள். அதற்கு முன்னாலேயே பெயர்கள் போயிருக்கும்.

பேட்டில் செஸ் இன்றைக்கு மியூசியச் சரக்கு. பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் இருந்தால் நீங்களும் ஆடிப் பார்க்கலாம், பூதம் எழுந்து நடப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "இது என்ன?" என்று அவர்கள் கேட்டால், பூதம், ரூக், கோட்டை, தேர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூடவே நாம் அதை யானை என்று கூப்பிடுவோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் வரைந்துகொள்வார்கள்.